மகா சாசனத்தின் 39-ஆம் பிரிவு



நான் கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில், 'மாக்னா கார்ட்டா: 1215' என்று ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வில் அது கேட்கப்பட்டது; எழுதினேன்; மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆயினும் அந்தச் சாசனத்தில் என்னதான் எழுதியிருக்கின்றது என்பதை அந்நாளில் நான் படித்துப் பார்த்தவன் அல்லேன். மக்களாட்சியின் தாய் என்றும், தனிமனித உரிமையின் ஊற்று என்றும் பாடநூல் சொல்லிற்று. நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து அதன் மொழிபெயர்ப்பை முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. அப்போது எனக்கு உண்டான உணர்ச்சி வியப்பு அன்று, ஏமாற்றமே.

தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிப்பதற்காக வைத்துள்ள தடுப்புகளையெல்லாம் அகற்றிவிட வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்லுகின்றது. திராட்சை மதுவுக்கும் தானியத்திற்கும் துணிக்கும் நாடெங்கும் ஒரே அளவை இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கைம்பெண் ஒருத்தியை அவள் விருப்பத்திற்கு மாறாக மறுமணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்தலாகாது என்று ஓரிடத்தில் நல்ல சொல் வருகின்றது. ஆனால் வேறோர் இடத்தில், தன் கணவனின் கொலையைத் தவிர வேறு எந்தக் கொலையைப் பற்றியும் பெண் ஒருத்தி தொடுக்கும் குற்றச்சாட்டின்பேரில் எவரையும் சிறைப்பிடிக்கலாகாது என்று வருகின்றது. யூதர்களிடம் பட்ட கடனைப் பற்றிய பிரிவுகளில், அக்காலத்து மக்கள் அச்சிறுபான்மையினர்மீது கொண்டிருந்த வெறுப்பு நன்றாகத் தெரிகின்றது. பெரும்பாலான பிரிவுகள் பிரபுக்களின் நிலம், வாரிசு, வரி ஆகியவற்றைப் பற்றியவை. ஆட்டுத்தோலில், சுருக்கெழுத்து மலிந்த இலத்தீனில், பத்தி பிரிக்காமலும் எண் இடாமலும் நெருக்கி எழுதிய ஏடு அது. 63 பிரிவுகள் என்று நாம் எண்ணிக் கூறுவதெல்லாம் பிற்காலத்தார் செய்த வசதி.

அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு வாக்கியம் இருக்கின்றது. அதனை இன்று 39-ஆம் பிரிவு என்கிறோம். சுதந்திர மனிதன் எவனையும் பிடிப்பதோ, சிறையிடுவதோ, அவன் உடைமையைப் பறிப்பதோ, சட்டத்தின் காப்புக்குப் புறம்பாக்குவதோ, நாடு கடத்துவதோ, வேறெவ்வகையிலேனும் அழிப்பதோ கூடாது. அவனுக்கு ஒத்த நிலையினரின் முறையான தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றி அவன்மேல் நாம் செல்லவும் மாட்டோம், பிறரை ஏவவும் மாட்டோம் என்று அரசன் வாக்களிக்கும் வாக்கியம் அது. இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியத்தின் கதையைத்தான். அதிலும் 'நாட்டின் சட்டம்' என்ற இரண்டு சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் சட்டம் என்பது எது? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? சண்டையெல்லாம் அதைப் பற்றியதே.

இவ்வாக்கியம் பிறந்த காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவன் ஜான் அரசன். 1204-இல் நார்மண்டியை பிரெஞ்சு அரசனிடம் இழந்தவன். இழந்ததை மீட்பதற்காகப் பணம் திரட்டுவதையே ஆட்சி என்று கருதியவன். போருக்கு நேரில் வராத பிரபுக்களிடம் வாங்கும் படைவரியை அவன் பதினொரு முறை விதித்தான். அவன் கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வில்லியம் டி பிரோஸ் என்ற பிரபு ஒரு காலத்தில் அரசனுக்கு மிக வேண்டியவன். பிறகு பகைக்கு ஆளானான். அரசனுக்கு அவன் செலுத்த வேண்டிய பெருங்கடனும் நிலுவையில் இருந்தது. அவன் பிரான்சுக்குத் தப்பிவிட்டான். அவன் மனைவி மெட்டில்டாவும் மூத்த மகனும் பிடிபட்டார்கள். 1210-இல் தாயும் மகனும் சிறையிலேயே பட்டினியால் மாண்டார்கள் என்று அக்காலத்து ஏடுகள் கூறுகின்றன. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. 39-ஆம் பிரிவைக் கேட்டு வாங்கிய பிரபுக்களுக்கு அஃது ஏட்டுத் தத்துவம் அன்று. தம் வீட்டு மனைவி மக்களைப் பற்றிய அச்சம்.

1214 ஜூலையில் பூவீன் என்ற இடத்தில் ஜானின் நேசப் படைகள் தோற்றன. அடுத்த ஆண்டு மே 17-ஆம் நாள் கலகப் பிரபுக்கள் இலண்டன் நகரினுள் புகுந்தார்கள். தலைநகர் போன பிறகு பேசுவதைத் தவிர அரசனுக்கு வழியில்லை. வின்ஸருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் இடையே, ஆற்றோரத்துப் புல்வெளியாகிய ரன்னிமீடில், ஜூன் 15-ஆம் நாளை இட்டுச் சாசனம் பிறந்தது. இறகுப் பேனாவைப் பிடித்து ஜான் கையெழுத்திடுவதாகப் பாடநூல்களில் படம் வரைவார்கள். அந்தப் படத்தை நம்பாதீர்கள். அவன் கையெழுத்திடவில்லை, மெழுகில் அரச முத்திரை பதிக்கப்பட்டது. இருதரத்தாருக்கும் நடுவே நின்று பேசியவர்களுள் முதன்மையானவர் காண்டர்பரித் தலைமைக் குரு ஸ்டீபன் லாங்டன்.

நாட்டின் பொது ஆலோசனையின்றிப் படைவரியும் உதவிப்பணமும் வாங்கலாகாது என்று 12-ஆம் பிரிவு கூறிற்று. வரி கொடுப்பவரைக் கேட்டே வரி விதிக்கவேண்டும் என்ற தன்னாட்சிக் கொள்கையின் வித்து அது. சாசனத்தை அரசன் மீறினால் இருபத்தைந்து பிரபுக்கள் கூடி அவன் கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம் என்று 61-ஆம் பிரிவு கூறிற்று. ஒரு நாட்டில் ஓர் அரசனும் அவனுக்கு மேல் இருபத்தைந்து அரசர்களுமாக எத்தனை நாள் வாழ முடியும்?

பத்து வாரங்கூட வாழவில்லை. ஜான் போப்பாண்டவருக்கு எழுதினான். மூன்றாம் இன்னசென்ட் ஆகஸ்டு 24-ஆம் நாள் சாசனத்தை ரத்துச் செய்து ஆணை பிறப்பித்தார். பலாத்காரத்தினால் பெற்ற இழிவான உடன்படிக்கை அது என்றார். பலாத்காரம் என்றது பொய்யும் அன்று. உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் போர் முடியுமுன்னரே ஜான் இறந்தான். நம் பாடநூலின் பெருஞ்சாசனம் அப்போது செத்த காகிதம்.

அதனை உயிர்ப்பித்தது யார் தெரியுமா? அரசன் பக்கத்தாரே. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி ஒன்பது வயதுச் சிறுவன். அவனுக்காக ஆண்ட முதியவர் வில்லியம் மார்ஷல், கலகக்காரரைத் தம் பக்கம் இழுப்பதற்காக அவர்களுடைய ஆயுதத்தையே எடுத்துக்கொண்டார். 1216-இலும் 1217-இலும் சாசனம் திருத்தி வெளியிடப்பட்டது. இருபத்தைவர் பிரிவும், வரி பற்றிய 12-ஆம் பிரிவும் நீங்கின. 39-ஆம் பிரிவு தங்கிற்று. 1217-இல் காட்டுச் சட்டங்களுக்கென்று வேறொரு சிறு சாசனம் பிறந்தபடியால், அதனின்றும் பிரித்துக் காட்டவே முன்னதைப் 'பெரிய சாசனம்' என்றார்கள். ஆம், மாக்னா என்ற அடைமொழி பெருமையினால் வந்தது அன்று, நீளத்தினால் வந்தது. 1225-இல் ஹென்றி அதனை மீண்டும் வழங்கியபோது, கைம்மாறாக மக்களின் அசையும் பொருளில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்றான். ஏட்டில் நீக்கிய 12-ஆம் பிரிவு நடைமுறையில் திரும்பி வந்தது: பணம் வேண்டுமானால் உரிமை கொடு. பார்லிமென்டு என்பது பிற்பாடு இந்த வாணிகத்திலிருந்தே வளர்ந்தது.

1297-இல் முதலாம் எட்வர்டு, சாசனத்தின் படிகளைப் பேராலயங்களுக்கு அனுப்பி ஆண்டுக்கு இருமுறை மக்கள்முன் வாசிக்க வேண்டும் என்று உறுதியளித்தான். எழுத்தறியாதவர் நிறைந்த நாட்டில் சாசனம் இவ்வாறு செவி வழியே பரவிற்று. வானொலியில் பேசுகிறவனுக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. 'சுதந்திர மனிதன்' என்றுதான் வாக்கியம் தொடங்குகின்றது. அக்காலத்து இங்கிலாந்தில் உழுது விதைத்த குடியானவருள் மிகப் பலர் நிலத்தோடு பிணைந்த பண்ணையாட்கள். அவர்கள் சுதந்திர மனிதர் அல்லர். உணவளித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உரிமை பேசிய சாசனம் இது. ஆனால் 1354-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் பார்லிமென்டு இயற்றிய ஒரு சட்டம், 'எந்த நிலையினனாயினும் எந்தத் தகுதியினனாயினும்' என்று மாற்றிச் சொல்லிற்று. உரிய சட்ட நடைமுறையின்படி பதில் சொல்ல வைத்தாலன்றி எவனுக்கும் தண்டனையில்லை என்றது. அப்போதும் பண்ணையாளுக்கு மறுநாளே விடிவு வந்துவிடவில்லை. ஆயினும் கதவு ஏட்டளவிலேனும் திறந்தது.

பிறகு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சாசனம் தூங்கிற்று என்றே சொல்லலாம். ஷேக்ஸ்பியர் ஜான் அரசனைப் பற்றி ஒரு முழு நாடகம் எழுதினார். அதில் மாக்னா கார்ட்டாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தூக்கத்தைக் கலைத்தவன் முதலாம் சார்லஸ் அரசன்.

1626-இல் சார்லஸுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது, பார்லிமென்டு கொடுக்கவில்லை. ஆகவே செல்வர்களிடம் 'கடன்' கேட்டான். திரும்பி வராத கடன். மறுக்க முடியாத கடன். மறுத்தவர்களைச் சிறையில் அடைத்தான். அவர்களுள் ஐவர், 1627-இல், தங்கள் உடலைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்திச் சிறைக்குக் காரணம் கூறுமாறு நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்று மனுச் செய்தார்கள். இதுவே ஹேபியஸ் கார்ப்பஸ், நாம் ஆட்கொணர்வு மனு என்பது. சிறை அதிகாரி பதில் எழுதினார்: அரசரின் சிறப்பு ஆணையினால் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவ்வளவே. கடனைப் பற்றிப் பேச்சில்லை. பேசினால் அந்தக் கடன் முறையானதா என்று நீதிபதிகள் ஆராயத் தொடங்கிவிடுவார்களே! காரணத்தைச் சொல்லாமலிருப்பதே அதன் தந்திரம்.

ஐவருள் ஒருவருக்காக வாதாடிய ஜான் செல்டன், மகா சாசனத்தின் அந்த வாக்கியத்தை எடுத்து வைத்தார். காரணம் காட்டாத ஆணை நாட்டின் சட்டமாகாது என்பது அவர் வாதம். அரசனின் வழக்கறிஞர், அரசனின் ஆணையும் நாட்டின் சட்டத்துள் அடங்கியதே என்றார். பாருங்கள், 412 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே இரண்டு சொற்கள்! நீதிபதிகள் ஐவரையும் சிறைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

1628 மார்ச்சில் பார்லிமென்டு கூடியபோது, எழுபத்தைந்து வயது கடந்த ஒரு கிழவர் இவ்வழக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் எட்வர்டு கோக். முன்னர்த் தலைமை நீதிபதியாயிருந்து, அரசனுக்கு வளையாததனால் 1616-இல் பதவி இழந்தவர். பார்லிமென்டில் அஞ்சாது பேசியதனால் இலண்டன் கோபுரத்தில் மாதக்கணக்கில் சிறையிருந்தவர். சிறையைப் பற்றி அவருக்கு ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவர் முன்னின்று உருவாக்கியது உரிமை விண்ணப்பம். பார்லிமென்டின் இசைவின்றி வரியோ கடனோ கூடாது. காரணம் காட்டாமல் சிறை கூடாது. மக்கள் வீடுகளில் படைவீரரைத் தங்கவைத்தல் கூடாது. அமைதிக் காலத்தில் படைச்சட்டம் கூடாது என்பவையே அதன் கோரிக்கைகள். அரசனின் மேலாணைக்கு ஊறு நேராமல் என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே என்று பிரபுக்கள் சபை சமாதானம் பேசிற்று. அந்த ஒரு வரி போதும், மற்றவையெல்லாம் வீணாவதற்கு. கோக் இசையவில்லை. மகா சாசனத்திற்கு மேல் ஓர் ஆண்டானை வைக்க முடியாது என்பது அவர் விடை. ஜூன் 2-ஆம் நாள் அரசன் மழுப்பலாக ஒரு பதில் சொன்னான்; சபை ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் 7-ஆம் நாள் முறையான பழைய வாசகத்தில் இசைவு வந்தது. இலண்டனில் மணிகள் முழங்கின. தெருக்களில் சொக்கப்பனை எரிந்தது.

கோக் வரலாற்றைச் சரியாகப் படித்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றைய அறிஞர்கள் கூறுவார்கள். பிரபுக்களுக்குப் பிரபுக்களே தீர்ப்புக் கூறவேண்டும் என்ற பொருளில் பிறந்த தொடரை, அவர் எல்லாருக்கும் உரிய ஜூரி விசாரணை என்று விரித்துரைத்தார். ஜான் காலத்துப் பிரபுக்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள். எனக்கோ, அவர் வரலாற்றில் செய்த பிழை சட்டத்திற்குச் செய்த பேருதவி என்றே தோன்றுகின்றது. அரசனுக்கும் அந்த அச்சம் இருந்தது போலும்! 1634-இல் கோக் மரணப்படுக்கையில் கிடந்தபோது அவருடைய கையெழுத்துப் பிரதிகளை அதிகாரிகள் வந்து அள்ளிச் சென்றார்கள். மகா சாசனத்திற்கு அவர் எழுதிய விரிவுரை 1642-இல் பார்லிமென்டின் ஆணையினாலேயே அச்சேறிற்று.

இடையில் மற்றொருவர் விலை கொடுத்தார். 1629-இல் பார்லிமென்டில் அரசனை எதிர்த்து நின்ற ஜான் எலியட் கோபுரச் சிறைக்குச் சென்றார். 1632-இல் அங்கேயே இறந்தார். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மகன் கேட்டான்; சார்லஸ் மறுத்துவிட்டான். விண்ணப்பத்திற்கு இசைந்த அதே அரசன்!

1649-இல் அவ்வரசனின் தலை வீழ்ந்தது. 1660-இல் முடியாட்சி திரும்பிற்று. ஆனால் சிறைக் கதவின் சிக்கல் தீரவில்லை. உரிமை இருந்தது, அதைச் செலுத்தும் பொறி இல்லை. நீதிமன்ற விடுமுறை என்பார்கள், சிறையதிகாரி தாமதிப்பார், கைதியைக் கடல் கடந்த தீவுக்கு அனுப்பிவிட்டால் இங்கிலாந்து நீதிபதியின் ஆணை அங்கே செல்லாது. 1679-ஆம் ஆண்டின் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. இருபது மைலுக்குள் இருந்தால் மூன்று நாளில் கைதியை நிறுத்தவேண்டும். நூறு மைலுக்குள் பத்து நாள். அதற்கு மேல் இருபது நாள். ஆணையை மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுன் தண்டம். கடல் கடத்தல் கூடாது. அழகிய சொற்கள் எவையும் அதில் இல்லை. மைலும் நாளும் பவுனுமே உள்ளன. ஆயினும் கோக்கின் சொற்பொழிவுகளைவிட இதுவே அதிகம் பேரைச் சிறையிலிருந்து மீட்டிருக்கும் என்று எண்ணுகிறேன். பிரபுக்கள் சபையில் வாக்கு எண்ணியபோது, மிகப் பருத்த ஒரு பிரபுவை வேடிக்கையாகப் பத்துப் பேராகக் கணக்கிட்டார்கள் என்றும், மற்றவர் கவனியாததனால் அதுவே நிலைத்துவிட்டது என்றும் பாதிரியார் பர்னெட் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். உண்மையோ பொய்யோ, அந்தப் பருத்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இவ்வளவு அருமையாகக் காத்த பொருளைக் கடல் கடந்த குடிகளுக்கு ஆங்கிலேயர் எளிதில் கொடுத்தார்களில்லை. 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதி என்ற ஒன்றைக் கொண்டு இந்தியரை விசாரணையின்றி எத்தனை காலமும் அடைத்து வைத்தார்கள். 1907-இல் லாலா லஜபதி ராயை மாண்டலேக்குக் கொண்டுபோய் வைத்தது இவ்விதியின் பெயரால்தான்.

ஆகவே நாம் நமக்கென்று அரசியலமைப்பு எழுதியபோது 39-ஆம் பிரிவு நம் வாசலுக்கும் வந்தது. 'உரிய சட்ட நடைமுறை' என்ற தொடரை அமெரிக்கர் தம் அரசியலமைப்பில் சேர்த்திருந்தனர். நம் முதல் வரைவிலும் அது இருந்தது. அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரைக் கண்டு வந்தார். அத்தொடர் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தரும் என்ற கருத்து வலுத்தது. சென்னையின் சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் அக்கருத்தினர். முடிவில் 21-ஆம் பிரிவில் 'சட்டத்தினால் நிறுவப்பட்ட நடைமுறை' என்ற சொற்கள் அமைந்தன.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சோதனை நேர்ந்தது. அதுவும் சென்னை இராச்சியத்துச் சிறையிலிருந்து. 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன், 1950-இன் தடுப்புக்காவல் சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். அவருக்காக எம். கே. நம்பியார் வாதாடினார். சட்டம் என்றால் நியாயம் பொருந்திய சட்டமா, அல்லது சட்டசபை இயற்றியது எதுவாயினும் சட்டமா? மே 19-ஆம் நாள் நீதிபதிகள் அறுவருள் நால்வர், இயற்றியதே போதும் என்றனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் நீக்கினார்கள். பசல் அலி, மகாஜன் இருவரும் கோபாலனை விடுவிக்க வேண்டும் என்று தனித்து நின்றனர்.

அதைவிடக் கடுமையான நாள் 1976 ஏப்ரல் 28. நெருக்கடிநிலைக் காலத்தில் காவலில் இருந்தோரின் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்க முடியும் என்று ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கூறியிருந்தன. உச்சநீதிமன்ற விசாரணையில் நீதிபதி எச். ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார்: காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையினால் ஒருவனைக் கொன்றுவிட்டால் அப்போதும் பரிகாரம் இல்லையா? நெருக்கடிநிலை உள்ளவரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் விடையளித்தார். ஐவருள் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர்; கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்; கன்னா பதவி விலகினார்.

1978-இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்பது நியாயமும் நேர்மையும் உடையதாக இருந்தாலன்றிச் செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டின் 44-ஆம் திருத்தத்தினால், நெருக்கடிநிலையிலும் 21-ஆம் பிரிவின் காப்பை நிறுத்திவைக்க முடியாது என்று ஆயிற்று. ஆயினும் 1976-இன் தீர்ப்பு மட்டும் வெளிப்படையாக நீக்கப்படாமல் ஏட்டில் கிடந்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூடிய அமர்வு அதனைத் தவறென்று கூறி நீக்கியது. அவ்வாறு எழுதியவர் நீதிபதி டி. ஒய். சந்திரசூட், 1976-இல் அரசின் பக்கம் தீர்ப்பளித்த நால்வருள் ஒருவர் அவருடைய தந்தையார். தீர்ப்பின் நாள் ஆகஸ்டு 24; போப்பாண்டவர் ஜானின் சாசனத்தை ரத்துச் செய்ததும் ஓர் ஆகஸ்டு 24-இல்தான்.